பிராக்கெட்டை நடுவிலிருந்து நிரப்புங்கள்

கேள்வி: அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆளுக்கொரு பிராக்கெட், அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார் என்று எழுதும் கட்டத்தாள், நிரப்பித் தரச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் நாற்பது பேர் சேர்ந்திருக்கிறோம். எந்த அணி நல்ல அணி என்றுகூட எனக்குத் தெரியாது. ஜெயிக்கப்போகிறவர்களைக் கணிக்க உருப்படியான வழி இருக்கிறதா, எல்லாமே அதிர்ஷ்டம்தானா?

பதில்:

வழி இருக்கிறது, அதிர்ஷ்டமும் இருக்கிறது. இரண்டும் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், ஒரு ஆட்டமும் பார்க்காதவர்கூட நாற்பது பேரில் நல்ல இடத்துக்கு வரலாம். நான் இருபது வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் இதை நிரப்புகிறேன். அதில் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு ஆண்கள் போட்டியில் 68 அணிகள். ஒஹாயோவின் டேட்டன் நகரில் நடக்கும் நான்கு தொடக்க ஆட்டங்களில் நான்கு அணிகள் கழிந்துபோக, மீதி 64. பெரும்பாலான அலுவலகப் பந்தயங்களில் அந்த நான்கு ஆட்டங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. 64 அணிகளையும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் 16 அணிகள், அவற்றுக்கு 1 முதல் 16 வரை எண், 1-தான் உச்சம். இந்த எண்ணைத்தான் சீடு என்கிறார்கள். முதல் சுற்றில் 1-ம் சீடு 16-ஐயும், 2-ம் சீடு 15-ஐயும், 5-ம் சீடு 12-ஐயும் சந்திக்கும். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும். ஒரு தோல்வி கண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஞாயிறு மாலை தேர்வுக் குழு பட்டியலை அறிவிக்கும், வியாழன் நண்பகல் வாக்கில் முதல் சுற்று ஆரம்பமாகிவிடும். உங்கள் கையில் இருப்பது மூன்றரை நாள்.

எல்லா 63 ஆட்டங்களையும் சரியாகக் கணிக்கும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு முடிவு என்றால், 63 ஆட்டங்களுக்கு மொத்தம் 92 ஆயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட விதங்கள். விஷயம் தெரிந்தவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் 75 சதவீதம் சரியாகக் கணிப்பார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் முழுப் பிராக்கெட்டையும் சரியாக நிரப்ப ஏழு கோடிக்கு மேல் முயற்சி தேவைப்படும். 2014-ல் வாரன் பஃபெட் பின்னால் நிற்க, குவிக்கன் லோன்ஸ் நிறுவனம் குறையில்லாத பிராக்கெட்டுக்கு நூறு கோடி டாலர் பரிசு அறிவித்தது. முதல் சுற்று முடிவதற்குள் போட்டியில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 2019-ல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னார். ஐம்பதாவது ஆட்டத்தில் பர்டூ அணி டென்னசியைக் கூடுதல் நேரத்தில் 99-94 என்று வென்றதும் அது முடிந்தது. சரிபார்த்து உறுதி செய்யப்பட்டவற்றில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

எனவே நீங்கள் ஜெயிக்க வேண்டியது அந்த 39 பேரைத்தான். அதற்கு உங்கள் பந்தயத்தில் மதிப்பெண் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இஎஸ்பிஎன் தளத்தில் உள்ள முறைதான் பரவலானது. முதல் சுற்றில் ஒரு சரியான கணிப்புக்கு 10 புள்ளி, அடுத்து 20, 40, 80, 160, இறுதி ஆட்டத்துக்கு 320. சுற்று கூடக் கூட ஆட்டங்கள் பாதியாகக் குறையும், புள்ளி இரட்டிப்பாகும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 320 புள்ளிதான். முதல் சுற்றின் 32 ஆட்டங்களையும் ஒன்று விடாமல் சரியாகச் சொல்பவருக்குக் கிடைப்பதும், சாம்பியன் யார் என்ற ஒரே ஒரு கணிப்புக்குக் கிடைப்பதும் ஒரே அளவு.

இதை உணராமல்தான் முக்கால்வாசிப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். தாளின் ஓரத்தில் ஆரம்பித்து, முதல் சுற்றில் எந்தச் சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கும் என்று இரண்டு மணி நேரம் யோசித்து, நடுவுக்கு வரும்போது அலுத்துப்போய் ஏதோ ஒரு பெயரைச் சாம்பியன் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் சாம்பியன். அப்புறம் இறுதி ஆட்டத்தின் இன்னொரு அணி. அப்புறம் ஃபைனல் ஃபோர் எனப்படும் கடைசி நான்கில் மீதி இரண்டு. அங்கிருந்து வெளியே வாருங்கள். முதல் சுற்றைக் கடைசியில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

சாம்பியனை எங்கே தேடுவது? 64 அணி முறை தொடங்கிய 1985-லிருந்து 2025 வரை, கொரோனாவால் நின்றுபோன 2020-ஐத் தவிர, 40 போட்டிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 26 முறை கோப்பையை வென்றது ஏதோ ஒரு 1-ம் சீடு அணி. 2-ம் சீடு ஐந்து முறை, 3-ம் சீடு நான்கு முறை, 4-ம் சீடு இரண்டு முறை. அதற்குக் கீழே மூன்றே மூன்று பேர்: 1985-ல் 8-ம் சீடாக வந்த வில்லநோவா, 1988-ல் 6-ம் சீடு கான்சஸ், 2014-ல் 7-ம் சீடு கனெக்டிகட். 5-ம் சீடு ஒருமுறைகூட வென்றதில்லை. மூன்றாம் சீடுக்குக் கீழே சாம்பியனைத் தேட உங்களுக்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

அதே நேரம், நான்கு 1-ம் சீடு அணிகளையும் ஃபைனல் ஃபோரில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. நான்கும் அங்கே போய்ச் சேர்ந்தது இரண்டே முறை, 2008-லும் 2025-லும். சராசரியாக ஒன்று அல்லது இரண்டுதான் போகும். 2023-ல் கடைசி எட்டுக்குக்கூட ஒன்றும் வரவில்லை. ஏன் இப்படி என்று ஒரு சின்னப் பெருக்கலில் காட்டுகிறேன். நாட்டிலேயே பலமான அணி ஆறு சுற்றுகளையும் வெல்லும் வாய்ப்பு முறையே 98, 85, 75, 68, 60, 55 சதவீதம் என்று வையுங்கள். எல்லாவற்றிலும் அந்த அணிதான் முன்னிலை. ஆனால் ஆறையும் பெருக்கினால் வருவது 14 சதவீதம். ஏழு முறை ஆடினால் ஒருமுறை கோப்பை. அதனால் நீங்கள் எழுதும் சாம்பியன் தோற்றுப்போனால் கணிப்பு தவறு என்று ஆகிவிடாது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மார்ச் மாதம் நிம்மதியாகக் கழியும்.

சரி, நான்கு 1-ம் சீடுகளில் எது உண்மையிலேயே பலமானது என்று ஆட்டம் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்காதீர்கள். 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் முதல் பிரிவில் ஆடுகின்றன. எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை. மெலிந்த அணிகளோடு ஆடி 28 வெற்றி பெற்றவரும், பலசாலிகளோடு மோதி 23 வெற்றி பெற்றவரும் இருப்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறார்கள் என்பதும் ஏமாற்றும். வேகமாக ஆடும் அணிக்குப் பந்து 75 முறை கையில் வந்து 80 புள்ளி எடுக்கிறது. நிதானமாக ஆடும் அணிக்கு 62 முறைதான் வருகிறது, 70 புள்ளி எடுக்கிறது. பார்வைக்கு முதல் அணி மேல். பந்து நூறு முறை கையில் வந்தால் எத்தனை என்று கணக்குப் போட்டால் முதல் அணிக்கு 107, இரண்டாவதற்கு 113. உண்மையில் நன்றாகத் தாக்குவது இரண்டாவது அணிதான்.

இந்தக் கணக்கை எல்லா அணிகளுக்கும் போட்டு, எதிரணியின் பலத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து வெளியிடுபவர் கென் பாமராய். வானிலை ஆய்வாளராக இருந்தவர். அவருடைய கென்பாம் பட்டியலைப் பயிற்சியாளர்களே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதில் தாக்குதலுக்கு ஒரு எண், தற்காப்புக்கு ஒரு எண், இரண்டின் வித்தியாசம் இன்னொன்று. அந்த வித்தியாசம்தான் அணியின் பலம். சாம்பியனாகிறவர்கள் பெரும்பாலும் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் முதல் இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள். தாக்குதலில் 3-வது இடம், தற்காப்பில் 70-வது இடம் என்று ஒரு அணி இருந்தால், மூன்று வாரத்தில் ஆறு ஆட்டம் தொடர்ந்து வெல்ல அதற்கு மூச்சு போதாது. ஏதோ ஓர் இரவு பந்து கூடைக்குள் போகாது, அன்று காப்பாற்ற ஒன்றும் இருக்காது. நான் இதைத்தான் முதல் வடிகட்டியாக வைத்திருக்கிறேன். 68 அணிகளில் ஆறேழு மட்டும் தேறும். சாம்பியனும், முடிந்தால் ஃபைனல் ஃபோரில் மூன்று பேரும் அந்தப் பட்டியலிலிருந்துதான்.

சீடு எண்ணும் இந்த எண்ணும் முரண்படும் இடங்களைக் கவனியுங்கள். சீடு கொடுப்பது ஒரு குழு. பருவம் முழுக்க யாரை வென்றார்கள், எங்கே வென்றார்கள் என்று பார்த்துப் பரிசு கொடுப்பதுபோல் எண் கொடுக்கிறார்கள். நாளை யார் ஜெயிப்பார் என்பது வேறு கேள்வி. 4-ம் சீடில் இருக்கும் அணி கென்பாமில் ஐந்தாவது இடத்தில் இருந்தால் அந்த அணியைத் தாராளமாக முன்னே தள்ளலாம். 2023-ல் கனெக்டிகட் அப்படித்தான் இருந்தது. 4-ம் சீடு, ஆனால் எண்களில் மேல்வரிசை. கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது எல்லோரும் ஆசைப்படும் பகுதிக்கு வருகிறேன்: எந்தச் சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கும்?

எனக்கு இந்தப் போட்டியின் மேல் காதல் வந்ததே அப்படி ஒரு சின்ன அணியால்தான். 2006 மார்ச்சில் நான் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் இருந்தேன், வந்து சில மாதங்கள்தான். அந்த ஊர்க் கல்லூரி ஜார்ஜ் மேசன், 11-ம் சீடு. மிச்சிகன் ஸ்டேட்டை வென்றார்கள், நார்த் கரோலினாவை வென்றார்கள், கடைசி எட்டில் 1-ம் சீடு கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தில் 86-84 என்று வென்று ஃபைனல் ஃபோர் போனார்கள். கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாத நான் அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரரோடு தெருவில் நின்று கத்தினேன். அந்த வருடம் என் பிராக்கெட்டில் ஜார்ஜ் மேசன் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தது. அதுபற்றித் துளியும் வருத்தமில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். 1985 முதல் 2025 வரை 1-ம் சீடும் 16-ம் சீடும் 160 முறை மோதியிருக்கின்றன. 16-ம் சீடு வென்றது இருமுறை: 2018-ல் மேரிலாந்தின் யுஎம்பிசி, வர்ஜீனியாவை 74-54 என்று, 2023-ல் ஃபேர்லே டிக்கின்சன், பர்டூவை 63-58 என்று. 15-ம் சீடு 11 முறை. நியூஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் 2022-ல் கென்டக்கியை வென்று கடைசி எட்டு வரை போனது இந்தப் பதினொன்றில் ஒன்று. எனவே 1, 2 சீடுகளை முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு முன்னே எழுதுங்கள். 3-ம் சீடு ஏறக்குறைய ஏழில் ஆறு முறை ஜெயிக்கும். 4-ம் சீடு ஐந்தில் நான்கு. 5-ம் சீடுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது, 12-ம் சீடு ஏறக்குறைய மூன்றில் ஒருமுறை கவிழ்க்கிறது. 6-க்கு எதிராக 11, 7-க்கு எதிராக 10, இரண்டும் ஐந்தில் இரண்டு முறை. 8-க்கு 9 சமம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதே பலன்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு 12-ம் சீடின் வாய்ப்பு 35 சதவீதம் என்றால், நான்கு 5-ம் சீடுகளும் தப்பிக்கும் வாய்ப்பு 18 சதவீதம்தான். அதாவது ஐந்தில் நான்கு வருடங்களில் ஏதாவது ஒரு 12-ம் சீடு ஜெயிக்கும். இதைக் கேட்டவர்கள் "அப்படியானால் ஒன்றையாவது எழுத வேண்டும்" என்று ஒரு பெயரைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏதோ ஒன்று ஜெயிக்கும் என்பது சரி. நீங்கள் சுட்டிக்காட்டும் அந்த ஒன்று ஜெயிக்க 35 சதவீதம்தான். 2023-ல் நான்கு 12-ம் சீடும் தோற்றன. ஆனால் தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. 65 சதவீத அணியை விட்டுவிட்டு 35 சதவீத அணியை எழுதுவதால் சராசரியாக நீங்கள் இழப்பது 3 புள்ளி. ஆசை இருந்தால் ஒன்றிரண்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அணியை இரண்டாவது சுற்றுக்கு மேல் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். 12-ம் சீடு ஒன்றுகூட இதுவரை ஃபைனல் ஃபோரைத் தொட்டதில்லை. யுஎம்பிசியும் ஃபேர்லே டிக்கின்சனும்கூட அடுத்த ஆட்டத்திலேயே தோற்றுவிட்டன.

எந்த ஒன்றிரண்டு? சீடு எண்ணை மறந்துவிட்டு எந்த அணி எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்று லாஸ் வேகஸ் பந்தயச் சந்தை சொல்லும் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். ஞாயிறு இரவே முதல் சுற்று முழுவதற்கும் வந்துவிடும், பணம் கட்ட வேண்டியதில்லை, எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காயம், பயணம், ஆட்ட முறை எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கானவர்கள் எடைபோட்ட பிறகு நிற்கும் எண் அது. கல்லூரி ஆட்டங்களில் எதிர்பார்த்த வித்தியாசத்துக்கும் நடந்த வித்தியாசத்துக்கும் இடையே உள்ள வழக்கமான விலகல் சுமார் 11 புள்ளி. அதை வைத்துக் கணக்குப் போட்டால், 2 புள்ளி முன்னிலை என்று சொல்லப்படும் அணி ஜெயிக்க 57 சதவீதம் வாய்ப்பு. 5 புள்ளி என்றால் 68. 7 என்றால் 74. 10 என்றால் 82. 5-ம் சீடு வெறும் 2 புள்ளி முன்னிலையில் இருந்தால் அங்கே 12-ஐ எழுதலாம். 9 புள்ளி முன்னிலையில் இருந்தால் யார் என்ன கதை சொன்னாலும் எழுதாதீர்கள்.

சின்ன அணி நிதானமாக ஆடி, தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களை நம்பினால் கவிழ்க்க வாய்ப்பு அதிகம் என்று அடிக்கடி கேட்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. பந்து கைமாறும் எண்ணிக்கை குறையக் குறைய, பலசாலி தன் பலத்தைக் காட்டும் சந்தர்ப்பமும் குறைகிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1985 இறுதி ஆட்டம். வில்லநோவா அந்தப் பருவத்தில் ஜார்ஜ்டவுனிடம் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தது. அப்போது இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற கடிகாரம் இந்தப் போட்டியில் கிடையாது. பொறுத்திருந்து பொறுத்திருந்து மொத்தமே 28 முறைதான் எறிந்தார்கள், 22 உள்ளே போனது. 66-64. அதற்கு அடுத்த பருவத்திலேயே 45 விநாடிக் கடிகாரம் வந்துவிட்டது, இப்போது 30 விநாடி. அதனால் நிதானத்தின் பலன் இன்று குறைவு. ஏழு புள்ளி முன்னிலை என்று சொல்லப்படும் அணியின் வாய்ப்பை மந்தமான ஆட்டம் 74-லிருந்து 72-க்கு இறக்கலாம், அவ்வளவுதான்.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். மந்தமாக ஆடுவது பெரிய அணியாக இருந்தால் ஆபத்து அதனுடையது. 2018 வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வியோடு வந்தது. நாட்டின் சிறந்த தற்காப்பு, மிக நிதானமான ஆட்டம். போட்டி தொடங்கும் முன் அந்த அணியின் முக்கிய வீரர் டிஆன்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு எலும்பு முறிந்து வெளியேறினார். யுஎம்பிசியோடு இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் யுஎம்பிசிக்கு எறிந்ததெல்லாம் விழுந்தது, மொத்தம் 24 மூன்று புள்ளி எறிதலில் 12 உள்ளே போனது. பின்னால் விழுந்ததும் வேகமாக ஆடி எட்டிப்பிடிக்கும் பழக்கம் வர்ஜீனியாவுக்கு இல்லை. ஒரு ஹன்டர் இல்லாதது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அன்று தெரிந்தது. காயச் செய்திகளைப் புதன் இரவு ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

அடுத்த வருடம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய பாடம். "வர்ஜீனியா மார்ச்சில் சொதப்பும்" என்று நம்பிப் பலரும் அந்த அணியை ஒதுக்கினார்கள். 2019 கோப்பை வர்ஜீனியாவுக்கு. 2023-ல் ஃபேர்லே டிக்கின்சனிடம் தோற்ற பர்டூ 2024-ல் இறுதி ஆட்டம் வரை வந்தது. போன வருட அவமானத்தைப் பார்த்து ஒரு அணியை ஒதுக்காதீர்கள். மற்றவர்கள் ஒதுக்கும்போது அந்த அணி உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதேபோல "இப்போது நல்ல ஃபார்மில் இருக்கிறார்கள்" என்ற பேச்சு. போட்டிக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு லீக்கும் தனக்குள் ஒரு கோப்பை நடத்தும். அதை வென்றவர்கள் மேல் எல்லோருக்கும் மோகம் வரும். 2011-ல் கெம்பா வாக்கரின் கனெக்டிகட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று லீக் கோப்பையும், அதன்பின் தேசியக் கோப்பையும் எடுத்தது உண்மை. 2024-ல் நார்த் கரோலினா ஸ்டேட் அதேபோல ஐந்து நாளில் ஐந்து வென்று, 11-ம் சீடாக ஃபைனல் ஃபோர் போனதும் உண்மை. ஆனால் 2022-ல் பிக் டென் என்ற லீக்கின் கோப்பையை வென்று வந்த அயோவா முதல் ஆட்டத்திலேயே 12-ம் சீடு ரிச்மண்டிடம் தோற்றது. நினைவில் நிற்பவை முதல் இரண்டும்தான். கடைசி நான்கு ஆட்டங்களைவிட முழுப் பருவத்தின் முப்பது ஆட்டங்கள் அணியைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஒரு நட்சத்திர வீரர் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவார்? ஸ்டெஃபன் கறி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2008-ல் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்கு ஆடினார், 10-ம் சீடு. முதல் ஆட்டத்தில் கொன்சாகாவுக்கு எதிராக 40 புள்ளி. அப்புறம் ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின். கடைசி எட்டில் கான்சஸிடம் 59-57 என்று தோற்றார்கள், அந்தக் கான்சஸ்தான் அவ்வருடச் சாம்பியன். கறிக்கே இரண்டு புள்ளி போதாமல் போயிற்று. ஒற்றை வீரரை நம்பி மூன்று சுற்றுக்கு மேல் எழுத எனக்குத் துணிவு வருவதில்லை.

கடந்த சில வருடங்களில் வந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம், ஒரு வருடம் காத்திருக்காமல் கல்லூரி மாறவும் செய்யலாம். சின்னக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் பளிச்சிடும் ஒருவர் நான்காம் ஆண்டைப் பணக்காரக் கல்லூரியில் ஆடுகிறார். முன்பெல்லாம் நான்கு வருடம் ஒன்றாக ஆடிப் பக்குவப்பட்ட சின்ன அணிகள்தான் பெரியவர்களைக் கவிழ்த்தன. அப்படிப்பட்ட அணியைக் கட்டிக் காப்பது இப்போது கடினம். 2025-ல் கடைசி பதினாறுக்கு வந்த எல்லா அணிகளும் எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி என்ற நான்கு பெரிய லீக்குகளைச் சேர்ந்தவை. ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான், ஆனாலும் நான் இப்போது பழைய சதவீதங்களைவிடக் கொஞ்சம் பெரிய அணிகள் பக்கமே சாய்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜார்ஜ் மேசன் மாதிரி ஒன்று இனி வருமா என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் நாற்பது பேரைப் பற்றி. ஐந்து பேர் பந்தயமாக இருந்தால் பலமான அணிகளையே எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்வேன். ஆட்கள் கூடக் கூட, மற்றவர்களிலிருந்து எங்காவது ஓரிடத்தில் விலக வேண்டும். அந்த இடம் சாம்பியன் கட்டம்தான். கணக்கு இப்படி. ஒரு அணிக்குக் கோப்பை வாய்ப்பு 22 சதவீதம், உங்கள் நாற்பதில் இருபது பேர் அதையே எழுதுகிறார்கள். இன்னொரு அணிக்கு 15 சதவீதம், உங்களைச் சேர்த்து மூன்று பேர்தான் எழுதுகிறார்கள். முதல் அணி வென்றால் இருபது பேர் அந்த 320 புள்ளியோடு நிற்பீர்கள், உங்கள் பங்குக்கு ஏறக்குறைய ஒரு சதவீத வாய்ப்பு. இரண்டாவது வென்றால் மூன்று பேருக்குள்தான் போட்டி, உங்கள் பங்கு ஐந்து சதவீதம். கொஞ்சம் குறைந்த அணி, ஆனால் ஐந்து மடங்கு நல்ல பந்தயம். பொதுமக்கள் எந்த அணியை எத்தனை சதவீதம் எழுதியிருக்கிறார்கள் என்று இஎஸ்பிஎன் தளத்திலேயே போட்டி தொடங்கும் முன் காட்டுவார்கள். அதைக் கென்பாம் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்களில் மேலே, மக்கள் மனதில் கீழே இருக்கும் அணிதான் உங்களுக்கு வேண்டியது. ஊர்ப்பாசத்தையும் கணக்கில் சேருங்கள். அலுவலகம் நார்த் கரோலினாவில் என்றால் டியூக்கையும் நார்த் கரோலினாவையும் எழுதுபவர்கள் அளவுக்கு மீறி இருப்பார்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவராக இருந்தால், தரவுக் கணிப்புப் போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் 2014-லிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் இதற்கென ஒரு போட்டி நடக்கிறது. அங்கே வெற்றி தோல்வி கேட்பதில்லை, ஒவ்வொரு சாத்தியமான மோதலுக்கும் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். பழைய ஆட்டத் தரவு முழுவதும் இலவசம். முதல் வருடம் வென்ற இரண்டு புள்ளியியலாளர்கள் செய்தது வியக்கும்படி எளிமையானது: பந்தயச் சந்தையின் புள்ளி வித்தியாசத்தை வைத்து ஒரு கணிப்பு மாதிரி, கென்பாம் எண்களை வைத்து இன்னொரு கணிப்பு மாதிரி, இரண்டையும் கலந்தார்கள். வென்றதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்றும் அவர்களே பின்னர் கணக்கிட்டு எழுதினார்கள். சிக்கலான மாதிரிகள் தேவையில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

பெண்கள் போட்டிக்கும் பிராக்கெட் கொடுத்தால் விட்டுவிடாதீர்கள், அங்கே கணிப்பது எளிது. பெரிய அணிகளுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி அதிகம். மேல் பதினாறு அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த ஊரில் ஆடுகின்றன. 16-ம் சீடு 1-ம் சீடை வென்றது வரலாற்றில் ஒரே முறை, 1998-ல் ஹார்வர்ட் ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று. அப்போதும் ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் காயத்தால் வெளியே இருந்தார்கள். அந்தத் தாளில் 12, 13 என்று தேடி நேரத்தை வீணாக்காமல், 1, 2 சீடுகளுக்குள் சாம்பியனைச் சரியாகப் பிடிப்பதில் கவனம் வையுங்கள்.

கடைசியாக, தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி எவ்வளவு என்று கேட்பார்கள். இருவர் சமமாக வந்தால் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பலர் யோசிக்காமல் 160, 170 என்று எழுதுகிறார்கள். 2016-லிருந்து 2025 வரை, 2020 நீங்கலாக, நடந்த இறுதி ஆட்டங்களின் கூட்டுத்தொகை வரிசையாக 151, 136, 141, 162, 156, 141, 135, 135, 128. இதில் 162 வந்தது கூடுதல் நேரம் ஆடியதால். பெரிய மைதானம், பதற்றம், இறுகிய தற்காப்பு எல்லாம் சேர்ந்து எண்ணைக் கீழே இழுக்கும். நீங்கள் 140 என்று எழுதிவிட்டு, வியாழன் நண்பகலுக்கு முன் தாளைக் கொடுத்துவிடுங்கள்.